வெளிநாட்டில் மாரடைப்பு, ஓய்வுக்கு நீலகிரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் தெருவுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். அங்கே திடீரென்று மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்து, "ஊருக்குப் போய் ஓய்வெடு" என்று அனுப்பப்படுகிறவர்களின் வீட்டார் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. வளைகுடாவில் இதயப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். இவை பொதுவான விவரங்கள்தான். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு. அங்கே வைத்தியம் பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறது, இங்கேயும் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சில வாரங்களில்தான் காரியம் கெடுகிறது. அதனால் பதில்களில் பாதி அந்த நடுவழியைப் பற்றியே இருக்கும்.

அவருக்கு நெஞ்சு வலிக்கிறது என்று இப்போதுதான் போன் வந்தது. இங்கிருந்து நாங்கள் என்ன செய்ய முடியும்?

அவர் இன்னும் அறையில்தான் படுத்திருக்கிறார் என்றால், பேச்சை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். அமீரகத்தில் 998, சவுதியில் 997, கத்தார், பஹ்ரைன், மலேசியாவில் 999, குவைத்தில் 112, ஓமனில் 9999, சிங்கப்பூரில் 995. கூட இருப்பவரின் எண்ணை வாங்கி அவரிடமே பேசிவிடுங்கள். வலியில் இருப்பவர் "வாயுத் தொல்லைதான், ஷிப்ட் முடியட்டும்" என்றுதான் சொல்வார். டாக்ஸி வேண்டாம். வழியில் துடிப்பு தாறுமாறாகிப் போனால் ஷாக் கொடுக்கும் இயந்திரம் ஆம்புலன்ஸில்தான் இருக்கும்.

அடைத்த ரத்தக்குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு இதயத் தசை மிஞ்சும். மருத்துவமனைக்குள் நுழைந்த 90 நிமிடத்துக்குள் பலூன் வைத்துத் திறப்பதுதான் இலக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் தரும், ஆனால் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் தருகிற பலன் அப்புறம் வராது.

ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது?

முதலில் கம்பெனி காப்பீடு. துபாயிலும் அபுதாபியிலும் முதலாளி காப்பீடு எடுத்துத்தர வேண்டும் என்பது பல ஆண்டுகளாகச் சட்டம். 2025 ஜனவரி முதல் ஷார்ஜா உள்ளிட்ட மற்ற எமிரேட்டுகளிலும் அது வந்துவிட்டது. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர் காப்பீடு இருக்க வேண்டும்.

இதைத் தவிர, வேலைக்கு வெளிநாடு போக அரசின் அனுமதி தேவைப்படும் (ECR) பாஸ்போர்ட்டில் போனவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்று ஒரு பாலிசி இருக்கும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய் கட்டியிருப்பார். ஏஜெண்டே எடுத்துக் கொடுத்திருப்பதால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அதில் வழி இருக்கிறது. வீட்டில் பழைய காகிதங்களைத் துழாவிப் பாருங்கள். எதுவுமே இல்லை, கம்பெனியும் கைவிட்டுவிட்டது என்றால் இந்தியத் தூதரகத்தில் சமூக நல நிதி என்று ஒன்று உண்டு. வசதியில்லாதவர்களின் அவசர சிகிச்சைக்கும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் அதிலிருந்து உதவுகிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

எப்போது விமானம் ஏறலாம்?

எல்லோருக்கும் பொதுவாக ஒரு தேதி கிடையாது. பிரிட்டன் இதயவியல் சங்கம் சொல்லும் கணக்கு பலருக்கு உதவும்: 65 வயதுக்குள், முதல் மாரடைப்பு, ஸ்டென்ட் சரியாக அமைந்துவிட்டது, சிக்கல் எதுவும் இல்லை, எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் ரத்தத்தை வெளியேற்றும் அளவு 45 சதவீதத்துக்கு மேல் என்றால் 3 நாளுக்கு அப்புறம் பறக்கலாம். அந்த அளவு 40க்கு மேல் இருந்து தொந்தரவு இல்லாதவர் 10 நாள் பொறுக்க வேண்டும். மூச்சிரைப்பு இருப்பவர், இன்னொரு ஸ்டென்ட் பாக்கி இருப்பவர் அவசரப்படவே கூடாது. பைபாஸ் ஆனவருக்குக் குறைந்தது 10 முதல் 14 நாள். விமான கம்பெனிகள் ஒரு மருத்துவப் படிவம் கேட்கும், அதை அங்கே பார்த்த டாக்டரே நிரப்ப வேண்டும்.

நடக்க முடிகிறது என்றாலும் சக்கர நாற்காலி கேட்டு வாங்குங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. பெரிய ஏர்போர்ட்டுகளில் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரம்தான் பயணத்திலேயே கடினமான பகுதி. நேரடி விமானமாகப் பாருங்கள். ஷார்ஜா, அபுதாபி, சிங்கப்பூரிலிருந்து கோவைக்கே வரலாம். கூடலூர்க்காரர்களுக்குக் கோழிக்கோடு வசதி.

ஊட்டி உயரம் இதயத்துக்கு ஆகாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போலத்தான் வைக்கப்பட்டிருக்கும். குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. அதாவது விமானத்தில் நான்கு மணி நேரம் நல்லபடியாக உட்கார்ந்து வந்தவர் ஏற்கெனவே ஊட்டிக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறார். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்ஸிஜன் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவு. நன்றாகத் தேறிவரும் இதயம் இதைத் தாங்கும்.

ஆனால் விமானத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். இங்கே பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு எண்பது படி ஏற வேண்டும், அதுவும் கையில் பெட்டியோடு, டிசம்பர் குளிரில். உயரம் மட்டும் இருந்தால் பரவாயில்லை. உயரம், மேடு, குளிர் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்வதுதான் தொல்லை. சுமார் 325 மீட்டரில் இருக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறிவிடுகிறோம். உடம்புக்குப் பழக நேரமே இல்லை. அதனால் நான் சொல்வது: கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு வாரமாவது அங்கே தங்கட்டும். அந்த வாரத்திலேயே கோவையில் ஒரு இதய டாக்டரைப் பார்த்து, புதிதாக ஈசிஜி, எக்கோ எடுத்து, மலையேறலாமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். வந்த அன்றே ஊர் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. மேலே வந்த முதல் மூன்று நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே நடமாட்டம் போதும்.

கூடலூர் ஆயிரம் மீட்டர் சொச்சம்தான் என்பதால் உயரப் பிரச்சினை அங்கே பெரிதில்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கே இந்த வருடம் போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. கொடைக்கானலும் ஏறக்குறைய ஊட்டி உயரம்தான், பழனி மலைப் பக்கத்து ஆட்களும் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் யாரும் முதலில் கேட்பதில்லை, நான் முதலில் கேட்பது இதைத்தான். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ப் படம்) சிடி, எக்கோ ரிப்போர்ட், ஸ்டென்ட் கார்டு. எந்த ரத்தக்குழாயில், என்ன வகை, எத்தனை ஸ்டென்ட் என்பது அந்த கார்டில் இருக்கும். அரபியில் எழுதியிருந்தால் ஆங்கிலப் பிரதி கேளுங்கள், கொடுப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், டிஸ்சார்ஜ் அன்று எடுத்த ஈசிஜி. மாரடைப்பு வந்துபோன இதயத்தின் ஈசிஜி பிறகு பெரும்பாலும் பழையபடி இருக்காது. ஆறு மாதம் கழித்து இங்கே நெஞ்சு வலிக்கிறது என்று போனால், வரைபடத்தில் தெரியும் மாற்றம் புதியதா பழைய தழும்பா என்று இரவுப் பணியில் இருக்கும் டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பழைய தாள் பக்கத்தில் இருந்தால் நொடியில் தெரிந்துவிடும். அதைப் படம் எடுத்து அவர் போனிலும், வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துவிடுங்கள். பீரோவில் பூட்டி வைத்த ஃபைல் நடுராத்திரியில் உதவாது.

அங்கே கொடுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. இங்கே அந்தப் பெயரில் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

தீர்கிற வரை காத்திருந்ததே கூடாது, ஆனால் சரி. பெட்டியில் போட்டிருப்பது கம்பெனிப் பெயர். நாட்டுக்கு நாடு அது மாறும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், டிகாக்ரெலர், அட்டோர்வாஸ்டாடின் என்று இருக்கும். அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே வேறு கம்பெனியில் கிடைக்கும். டிகாக்ரெலர் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சின்ன ஊர்க் கடைகளில் எப்போதும் இருக்காது. "இது இல்லை, இதே மாதிரி வேறு இருக்கிறது" என்று கடைக்காரர் கொடுத்தால் வாங்க வேண்டாம். மாற்றுவதென்றால் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்தம் உறையாத மாத்திரையும் வழக்கமாக 12 மாதம் கொடுப்பார்கள். ஆஸ்பிரின் அதற்கப்புறமும் தொடரும். நடுவில் நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி, முதல் தடவையைவிட மோசமான மாரடைப்பு வரலாம். பல் பிடுங்க வேண்டும், மூலத்துக்கு ஆபரேஷன் என்று யாராவது நிறுத்தச் சொன்னால், இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தாதீர்கள். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென் வேண்டாம். அசிடிட்டிக்கு ஒமெப்ரசோல் எடுப்பவர் குளோபிடோக்ரெலும் எடுக்கிறார் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் பான்டோப்ரசோலுக்கு மாற்றுவார்.

நாட்டு மருந்தா? ஆசைக்குச் சாப்பிடுங்கள், ஆங்கில மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பிடாதீர்கள். இதில் நான் கொஞ்சம் கறார்.

வந்ததிலிருந்து வறட்டு இருமல், அவ்வப்போது மூச்சு முட்டுகிறது. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ?

இருக்கலாம். ஆனால் மாத்திரையையும் சந்தேகப்படுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். நம் ஊரில் யார் இருமினாலும் "ஊட்டிக் குளிர்" என்று சொல்லிவிட்டு மிளகுக் கஷாயம் வைப்போம். மாதக்கணக்கில் இப்படி இருமுகிறவர்கள் உண்டு. டாக்டர் மாத்திரையை மாற்றினால் தானாக நிற்கும். டிகாக்ரெலர் சிலருக்கு உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு போதாதது போல ஒரு உணர்வைக் கொடுக்கும். பயந்துபோய் அதை நிறுத்திவிடக் கூடாது. பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) எடுப்பவருக்குக் கை கால் விறைத்துச் சில்லென்று இருக்கும், சாக்ஸ் போட்டால் சரி.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் தேவலை, காலில் வீக்கம், இரண்டு நாளில் இரண்டு கிலோ எடை கூடிவிட்டது என்றால் அது குளிருமில்லை, மாத்திரையுமில்லை. இதயம் திணறுகிறது. அன்றே டாக்டரைப் பாருங்கள்.

குளிருக்கு என்ன ஜாக்கிரதை?

குளிர் பட்டதும் ரத்தக்குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். உறைபனி விழும் மாதங்களில் விடிகாலை நடை வேண்டாம். வெயில் புல்வெளியில் இறங்கிய பிறகு போகலாம். குல்லா, மஃப்ளர் கட்டாயம். பச்சைத் தண்ணீரில் குளிக்கிற வைராக்கியத்தை இந்த வருடம் தள்ளிவையுங்கள்.

அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவு சாத்திப் படுப்பதை நிறுத்துங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். நல்ல இதயம் உள்ளவர்களையே அது கொன்றிருக்கிறது.

எவ்வளவு நடக்கலாம்? இங்கே மட்டமான இடமே இல்லையே!

இருக்கிறது, தேட வேண்டும். எஸ்டேட் ரோடுகள் மலையைச் சுற்றியே போவதால் பல இடங்களில் ஏற்றம் குறைவு. ஊட்டியில் ஏரியை ஒட்டிய சாலை. ஒன்றுமே இல்லாவிட்டால் வீட்டு முற்றத்தில் முன்னும் பின்னும். முதல் வாரம் ஐந்து பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஆறு எட்டு வாரத்தில் வாரத்துக்கு 150 நிமிட நடைக்கு வரலாம். நடக்கும்போது சாதாரணமாகப் பேச முடிய வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம் என்ற பாதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். களைத்துப்போன நேரத்தில் ஏற வேண்டியிருக்கும். முதலில் ஏறி, பிறகு இறங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட உடனே ஏறவே வேண்டாம்.

ஜனவரியில் ஹெத்தை ஹப்பா (படகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா) வருகிறது. பேரகணிக் கோயிலுக்கு நடந்தே போவது எங்கள் வழக்கம்.

மாரடைப்பு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை என்றால் வண்டியில் போய்க் கும்பிட்டுவிட்டு வரட்டும். வெறுங்கால், குளிர், விரதம், மேடு எல்லாம் ஒன்றாக வேண்டாம். மாத்திரையை விட்டுவிட்டு விரதம் இருக்கவும் கூடாது. பெரியவர்களிடம் முன்கூட்டியே சொன்னால் யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை.

சாப்பாட்டில் எதை விட வேண்டும்?

உப்பு, எண்ணெய்ப் பலகாரம். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும். ஊட்டி வர்க்கி (மொறுமொறு பிஸ்கட்) மைதாவும் கொழுப்பும்தான். டீக்கு இரண்டு வர்க்கி என்று தினமும் நனைத்துச் சாப்பிடுபவர்கள் நிறுத்த வேண்டும். எனக்கும் பிடிக்கும், என்ன செய்ய. டீ குடிக்கலாம். ராகி, சாமை, அவரை, பீன்ஸ், கேரட், கீரை எல்லாம் நல்லதுதான். "ரத்தம் உறையாத மாத்திரை எடுக்கிறவர் கீரை தொடக் கூடாது" என்பது வார்ஃபரின் எடுப்பவர்களுக்கான எச்சரிக்கை. அவர்களும் அறவே விட வேண்டாம், அளவை மாற்றாமல் இருந்தால் போதும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சிகரெட், பீடி, ஹூக்கா மூன்றும் முழு நிறுத்தம். குறைத்துக்கொள்கிறேன் என்பது பேச்சுக்கே ஆகாது.

மலையில் இருக்கும்போது திரும்பவும் வலி வந்தால்?

இதற்கான பதிலை வலி வருவதற்கு முன்பே தயார் செய்ய வேண்டும். மேலே வந்த முதல் வாரத்திலேயே விசாரித்து எழுதி வையுங்கள்: பக்கத்தில் 24 மணி நேரமும் ஈசிஜி எடுப்பது எங்கே, கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவது எங்கே, ஆஞ்சியோ செய்வது எங்கே. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரிக்கு 700 படுக்கைகளோடு புது மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்திருக்கிறது. அங்கே இரவில் என்னென்ன வசதி என்று நேரில் போய்க் கேளுங்கள்.

வலி வந்தால் உட்கார வையுங்கள். டாக்டர் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்திருந்தால், உட்கார்ந்த நிலையில் ஒன்று. ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் 108. நேராகக் கோவைக்கு ஓட்டிவிடலாம் என்று சொந்தக் காரில் கிளம்புகிறவர்கள் உண்டு. ஊட்டியிலிருந்து கோவை கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவில் துடிப்பு நின்றால் காரில் இருப்பவர் என்ன செய்வார்? முதலில் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈசிஜி, தேவைப்பட்டால் ஊசி. பிறகு அவர்களே ஆம்புலன்ஸில் கீழே அனுப்புவார்கள். ஊசி போட்டபின் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ செய்துகொள்ளும் முறை உலகம் முழுக்க இருப்பதுதான். மலையில் இருப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் 2023 ஜூன் முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் டோஸ் மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் சேர்த்து 14 மாத்திரை. அவர் தினமும் என்ன எடுக்கிறார் என்பதைக் கொடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல், மே சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் பாதையில் பர்லியார் பக்கம் மண் சரியும். மலை இறங்க வேண்டிய செக்கப் எல்லாவற்றையும் இந்த நாட்களுக்கு வெளியே போட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சு மூச்சில்லாமல் விழுந்துவிட்டால்?

மூச்சு இல்லை, அல்லது மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடுகிறார் என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். 108ஐ ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அழுத்துங்கள். எலும்பு உடைந்துவிடுமோ என்று யோசிக்காதீர்கள். வீட்டில் இரண்டு பேராவது இதைக் கற்றிருக்க வேண்டும்.

பைபாஸ் ஆனவருக்குத் தனியாக ஏதாவது?

நெஞ்செலும்பு சேர ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், விறகு எதையும் தூக்கக் கூடாது. மலைப்பாதையில் வரும்போது ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வளைவுகளில் வலி குறையும். சீட் பெல்ட்டும் போட வேண்டும்.

தாம்பத்தியம்? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பலர் கேட்கிறார்கள். இரண்டு மாடி படி மூச்சு வாங்காமல், வலி இல்லாமல் ஏற முடிந்தால் பொதுவாகத் தடையில்லை. வயாகரா வகை மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும்.

என் வீட்டுக்காரர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். ராத்திரி தூங்குவதே இல்லை.

மாரடைப்புக்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்குக் கடன், பாதியில் நிற்கிற வீடு, "வேலை என்னாச்சு?" என்று வாசலில் நின்று கேட்கும் ஊர் எல்லாம் கூடச் சேர்கிறது. பார்க்க வருகிறவர்களை முதல் இரண்டு வாரம் கட்டுப்படுத்துங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, நெஞ்சுவலியில் போன ஒவ்வொருவரின் கதையையும் சொல்லிவிட்டுப் போவார்கள். தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கும் வைத்தியம் இருக்கிறது, அதைச் சரிசெய்யாவிட்டால் இதயமும் தேறாது.

மாத்திரைச் செலவு தாங்கவில்லை.

அரசு மருத்துவமனையில் முக்கியமான மாத்திரைகள் இலவசம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, உங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த சிகிச்சைக்கு அது வேண்டியிருக்கும்.

எப்போது திரும்ப வேலைக்குப் போகலாம்?

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் சில வாரங்களில். கட்டட வேலை, சுமை தூக்குவது, வெயிலில் நிற்பது என்றால் டிரெட்மில் டெஸ்ட் எடுத்து டாக்டர் சரி என்ற பிறகுதான். கனரக வண்டி ஓட்டுநர்களுக்கு விதிகள் இன்னும் கடுமை.

விசா தேதியைக் கவனியுங்கள். அமீரகத்தில் பொதுவாக 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் குடியிருப்பு விசா செல்லாமல் போகும். சவுதியிலிருந்து வந்தவர் மறு நுழைவு விசா முடியும் தேதியைப் பார்க்க வேண்டும். அமீரகத்தில் தகுதிகாண் காலம் முடித்தவருக்கு ஆண்டுக்கு 90 நாள் நோய் விடுப்பு உண்டு: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மிச்சம் 45 நாள் சம்பளமில்லை. கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, டாக்டர் சான்றையும் அனுப்பி வையுங்கள். போகும்போது மூன்று மாத மாத்திரை, டாக்டர் சீட்டோடு, கைப்பையில்.

தேயிலைத் தோட்டத்தில் அட்டை கடித்தது. ரத்தம் நிற்கவே இல்லை. பயப்பட வேண்டுமா?

அட்டை கடித்தாலே ரத்தம் நிற்க நேரமாகும், ரத்தம் உறையாத மாத்திரையும் எடுத்தால் இன்னும் நேரமாகும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்காதீர்கள். இதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மலம் கறுப்பாகப் போனாலோ வாந்தியில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.